சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனை டிரைவ் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ட்ரிப் ஆகிறது: என்ன செய்யலாம்?

மூன்றாம்_ஷிஃப்ட் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி ஷிஃப்டில் தூங்க முடியாது என்பது தெரிந்த கதை. இரண்டு மாதமாக ஒரு ஃபேன் என் பகல் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. விவரத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லிவிட்டுப் பதில் கேட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

பாய்லரின் ஐ.டி. ஃபேன், அதாவது ஃபர்னஸிலிருந்து புகையை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன். மோட்டார் 75 கிலோவாட், 6 போல், 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நேம் பிளேட்டில் 985 ஆர்.பி.எம். சாதாரண இன்டக்‌ஷன் மோட்டார். ஃபேனோடு நேரடிக் கப்ளிங், ரப்பர் புஷ் போட்ட பின் வகை. வி.எஃப்.டி.யில் (ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடுகிறது, வழக்கமான வேகம் 42 ஹெர்ட்ஸ். ஃபேன் டேட்டா ஷீட்டில் இனர்ஷியா 120 கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர் என்று இருக்கிறது.

கரண்ட் ஒரு கண்சிமிட்டும் நேரம் போய் வருகிறது. லைட் லேசாக மினுக்குவதோடு சரி, மற்ற மோட்டார்கள் பாதி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இந்த டிரைவ் மட்டும் அண்டர்வோல்ட்டேஜ் காட்டிப் படுத்துவிடும். ஆட்டோ ரீஸ்டார்ட்டை 10 விநாடிக்கு வைத்திருக்கிறோம். 10 விநாடி கழித்துத் தானாகக் கிளம்பும். கீபேடில் 2, 3, 4 ஹெர்ட்ஸ் என்று ஏறும். அதற்குள் மோட்டார் ஒரு உறுமு உறுமும், ஓவர்கரண்ட். சில நாள் கொஞ்சம் மேலே ஏறிப் போய் ஓவர்வோல்ட்டேஜ். மூன்று முறை முயன்றுவிட்டு லாக் ஆகிவிடும். அதற்குள் ஃபர்னஸ் பிரஷர் பாசிட்டிவுக்குப் போய், பாய்லரே ட்ரிப்.

ஃபேன் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று ஒரு நாள் டேக்கோமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஸ்டாப் கொடுத்தபோது 830 ஆர்.பி.எம். 10-வது விநாடியில் 590. 25-வது விநாடியில் 400-க்குப் பக்கம். ஒரு நிமிடத்தில் 230. முழுக்க நிற்க நாலரை நிமிடம். ஆரம்பத்தில் சடசடவென்று இறங்குகிறது, கடைசியில் நிற்க மனசே இல்லாமல் உருண்டுகொண்டே இருக்கிறது.

போன வாரம் கப்ளிங் கார்டைக் கழற்றினேன். கீழே கறுப்பாக ரப்பர் தூள், ஒரு கைப்பிடி இருக்கும். எட்டு புஷ்ஷில் மூன்று ஓவல் ஆகிவிட்டது.

இங்கே ஆளுக்கொரு யோசனை. ஒருவர் ரீஸ்டார்ட் டிலேயை 300 விநாடி ஆக்கச் சொல்கிறார். ஒருவர் ஸ்டார்ட்டுக்கு முன் டி.சி. பிரேக் கொடுத்து, அதாவது மோட்டாருக்கு டி.சி. விட்டு, நிறுத்திவிடு என்கிறார். இன்னொருவர், மோட்டாரிலிருந்து திரும்பி வரும் சக்தியைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் வாங்கச் சொல்கிறார். டிரைவ் மேனுவலில் ஃபிளையிங் ஸ்டார்ட் என்று ஒன்று இருக்கிறது, பேக்டரி செட்டிங்கில் அது ஆஃப். அதை ஆன் செய்ய எனக்குப் பயம். சுற்றுகிற மோட்டாருக்குத் திடீரென்று வோல்ட்டேஜ் கொடுத்தால் டிரைவுக்குள் இருக்கும் பவர் ஸ்விட்ச், ஐ.ஜி.பி.டி., போய்விடாதா?

இதோடு இன்னொரு சந்தேகம். வேறு ஒரு இடத்தில் ஒரே டக்ட்டில் இரண்டு வென்டிலேஷன் ஃபேன் இருக்கிறது. ஒன்றை நிறுத்தினால் மற்றது தள்ளும் காற்றில் அது பின்பக்கமாக 60 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றுகிறது. அதற்கும் இதே வைத்தியமா?


டிரைவ்காரன் எழுதியது:

ஆன் செய்யுங்கள். உங்கள் கேஸுக்காகவே போட்ட ஃபங்ஷன் அது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும்: ஃபிளையிங் ஸ்டார்ட், ஸ்பீடு சர்ச், கேட்ச் ஆன் தி ஃபிளை. சீமென்ஸில் பி1200, டான்ஃபாஸில் 1-73, யாஸ்காவாவில் பி3 குரூப். உங்கள் மாடல் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை, மேனுவலில் இந்தப் பெயர்களில் ஒன்றைத் தேடினால் கிடைத்துவிடும்.

நேம் பிளேட் விவரங்களைச் சரியாகப் போட்டு, ஒரு தடவை ஆட்டோ டியூன் (மோட்டாரை டிரைவே அளந்து தெரிந்துகொள்வது) ஓட்டிவிட்டு, அதற்கப்புறம் ஆன் செய்யுங்கள். ஆட்டோ டியூன் இல்லாமல் இதை ஆன் செய்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று போன் செய்பவர்கள்தான் அதிகம்.


பழைய_வைண்டர் எழுதியது:

தம்பி, மேலே சொன்னவர் சொன்னது சரி. ஆனால் உனக்கு இருக்கிற பயமும் நியாயமான பயம்தான். அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு பாராமீட்டரை மாற்றச் சொல்ல எனக்கு மனசில்லை. நான் எரிந்த மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டியே பாதி ஆயுளைக் கழித்தவன், டிரைவ் பக்கம் வந்தது பிற்பாடு. அதனால் மோட்டார் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

உன் டிரைவ் 10 விநாடி கழித்துக் கிளம்பும்போது ஃபேன் 590-ல் சுற்றுகிறது. 6 போலுக்கு அது 29.5 ஹெர்ட்ஸ். டிரைவுக்கு அது தெரியாது. மோட்டார் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றுகிறது. ஸ்டேட்டரின் காந்தப் புலம் 3 ஹெர்ட்ஸில் மெதுவாக நகர்கிறது, ரோட்டார் அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் அதை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஸ்லிப், அதாவது புலத்துக்கும் ரோட்டாருக்கும் உள்ள வேக வித்தியாசம், நெகட்டிவ், அதுவும் பயங்கர நெகட்டிவ். ஸ்லிப் அந்த அளவுக்குப் போனால் கரண்ட் எகிறும், அதுதான் முதல் உறுமல், ஓவர்கரண்ட். ஒருவேளை அதைத் தாண்டி டிரைவ் மேலே ஏறி, ரோட்டார் வேகத்துக்குக் கிட்டத்தில் வந்தால், மோட்டார் ஒழுங்கான ஜெனரேட்டர் ஆகிவிடும். ஃபேனில் இருக்கிற சக்தி கேபிள் வழியாகத் திரும்பி டி.சி. பஸ்ஸுக்குள், அதாவது டிரைவின் உள்ளே இருக்கும் டி.சி. லைனுக்குள், வரும். முன்னாலிருக்கிற ரெக்டிஃபையர் ஒருவழிப் பாதை, அதனால் லைனுக்குத் திரும்பிப் போக முடியாது. கெப்பாசிட்டரில்தான் போய் அடையும். அது ஓவர்வோல்ட்டேஜ்.

எவ்வளவு அடையும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார். 590 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 61.8 ரேடியன். இனர்ஷியா 120. பாதி பெருக்கல் 120 பெருக்கல் 61.8-இன் வர்க்கம், கிட்டத்தட்ட 230 கிலோஜூல். இது ஃபேன் பக்கம். டிரைவ் பக்கம் வா. உன் சைஸ் டிரைவில் கெப்பாசிட்டர் சில ஆயிரம் மைக்ரோஃபாரட் இருக்கும், 5,000 என்று வைத்துக்கொள்வோம். 400 வோல்ட் லைனுக்குப் பஸ் 540 வோல்ட். ட்ரிப் லெவலை 800 என்று வை. 540-லிருந்து 800-க்கு ஏற அந்தக் கெப்பாசிட்டர் குடிக்கும் சக்தி 870 ஜூல்தான். கிலோஜூல் இல்லை, வெறும் ஜூல்.

இன்னொரு விதமாகச் சொன்னால், உன் ஃபேன் 590-லிருந்து சுமார் 1.1 ஆர்.பி.எம். குறைந்து, அந்தச் சக்தி அப்படியே பஸ்ஸுக்கு வந்தால் போதும், கதை முடிந்தது. ரோட்டார், ஸ்டேட்டர் செம்பு எல்லாம் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் நிஜத்தில் இன்னும் சில ஆர்.பி.எம். தாங்கும். அவ்வளவுதான்.

இப்போது உன் ரப்பர் தூளுக்கு வருவோம். ட்ரிப் ஆன ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஷாஃப்ட் பின்னால் இழுக்கிறது, ஃபேன் முன்னால் ஓடுகிறது, நடுவில் மாட்டிக்கொண்டது அந்தப் புஷ். டிரைவின் ஃபால்ட் லிஸ்ட் மூன்று ட்ரிப் என்று எண்ணிக் காட்டும். கப்ளிங் எத்தனை அடி வாங்கியது என்பது அந்தத் தூளில்தான் எழுதியிருக்கிறது. புஷ் மாற்றும்போது அலைன்மென்ட்டையும் ஒரு தடவை பார்த்துவிடு.

ஃபிளையிங் ஸ்டார்ட் இதைத்தான் தவிர்க்கிறது. திடீரென்று முழு வோல்ட்டேஜை அது கொடுக்காது. டிரைவ் முதலில் மிகக் குறைந்த வோல்ட்டேஜில், மேல் ஃப்ரீக்வென்சியிலிருந்து ஆரம்பிக்கும், 50 என்று வை. அங்கிருந்து கீழே இறக்கிக்கொண்டே வரும். டிரைவின் ஃப்ரீக்வென்சி ரோட்டாரை விட மேலே இருக்கும்வரை மோட்டார் கொஞ்சம் பவர் இழுக்கும். ரோட்டாரைத் தாண்டிக் கீழே இறங்கினால் பவர் திரும்பி வர ஆரம்பிக்கும். இழுப்பது நின்று தள்ளுவது தொடங்கும் அந்த இடம்தான் ரோட்டாரின் வேகம். அங்கே நின்றுகொண்டு, அதே ஃப்ரீக்வென்சியில் வோல்ட்டேஜை மட்டும் மெதுவாக ஏற்றும். 29.5 ஹெர்ட்ஸ் என்றால் 236 வோல்ட் வரை. அதற்கப்புறம் வழக்கமான ராம்ப்பில் 42-க்குப் போகும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலடி ஓடிவிட்டு ஏறுவான் இல்லையா, அதே வேலைதான். நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

இனி உங்கள் ஆட்கள் சொன்ன யோசனைகள்.

300 விநாடி டிலே தப்பில்லை. ஃபேன் நின்றுவிடும், டிரைவ் சமத்தாக ஸ்டார்ட் ஆகும். ஆனால் உன் பாய்லர் ஐந்து நிமிடம் காத்திருக்குமா? இருக்காது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

டி.சி. பிரேக். 230 கிலோஜூலும் ரோட்டார் பாருக்குள் சூடாக இறங்கும். முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற சூடு. ஒரு தடவைக்கு 75 கிலோவாட் மோட்டார் அசராது. அடுத்தடுத்து மூன்று தடவை, அதுவும் ஏற்கெனவே சூடாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் என்றால் எனக்குப் பிடிக்காது. நான் பிரித்த ரோட்டார்களில் பாரும் எண்ட் ரிங்கும் சேரும் இடத்தில் நீலம் பாய்ந்து கிடந்தவை எல்லாம் இப்படி அடிக்கடி சூடேறியவைதான். அதுவும் ஓடுகிற ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவதற்காக ஏன் இவ்வளவு பாடு?

பிரேக் ரெசிஸ்டர் ஓவர்வோல்ட்டேஜை மட்டும் தடுக்கும். ஓவர்கரண்ட்டையும் கப்ளிங் அடியையும் தடுக்காது. காசைச் செலவழித்து வியாதியின் பாதியை வைத்துக்கொள்வது போல.

பின்பக்கமாகச் சுற்றும் ஃபேனுக்கு வேறு பதில். சக்தி வேகத்தின் வர்க்கத்தில் போகிறது. உன் பெரிய ஃபேனே 60 ஆர்.பி.எம்.-ல் சுற்றினாலும் அதில் இருப்பது 2.4 கிலோஜூல்தான், வென்டிலேஷன் ஃபேனில் இன்னும் குறைவாக இருக்கும். அங்கே டி.சி. பிரேக்கை ஸ்டார்ட்டுக்கு முன் சில விநாடி கொடுத்து நிறுத்திவிட்டு ஓட்டலாம், ஒன்றும் ஆகாது. ஃபிளையிங் ஸ்டார்ட்டை இரண்டு திசையிலும் தேடச் சொல்லியும் வைக்கலாம். டிரைவ் பின்பக்க வேகத்தைப் பிடித்து, பூஜ்ஜியத்துக்கு இறக்கி, முன்பக்கம் ஏற்றும். நிஜமான வைத்தியம் டக்ட்டில் ஒரு நான்-ரிட்டர்ன் டேம்பர். அது இருந்து துரு ஏறி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்.

ஐ.டி. ஃபேனுக்கு ஒரு திசை மட்டும் தேடினால் போதும். இரண்டு திசையும் வைத்தால் ஃபேன் நின்றிருக்கும்போது ஸ்டார்ட் கொடுத்தால் ஷாஃப்ட் கொஞ்சம் பின்னால் ஆடிவிட்டுக் கிளம்பும். பார்ப்பவனுக்குக் கதி கலங்கும்.


போர்வெல்_பம்ப் எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு யாராவது வெர்ட்டிகல் டர்பைன் பம்பில் போய் இதையே ஆன் செய்துவிடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது.

ஆழமான பம்பு நின்றால் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும், நான்-ரிட்டர்ன் வால்வு சரியில்லை என்றால் பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். ஃபேனில் காற்று தள்ளுவது போல மெதுவாக இல்லை, நல்ல வேகத்தில் சுழற்றும். அந்த நேரத்தில் முன்பக்கம் டார்க் கொடுத்தால் நீளமான லைன் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் உடைந்த ஷாஃப்ட்டை மேலே எடுக்க மூன்று நாள் ஆனது. உடைந்த முகம் நேராக இல்லை, திருகாணி போலச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. முறுக்கில் போனது என்று பார்த்த உடனே தெரியும்.

பம்புக்கு ஃபிளையிங் ஸ்டார்ட்டை நம்பாதீர்கள். தண்ணீர் இறங்கி முடியும்வரை ஸ்டார்ட்டையே தடுக்கும் பேக்ஸ்பின் டைமர் போடுங்கள், வால்வைச் சரிபாருங்கள், மோட்டார் தலையில் பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் ராட்செட் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.


பேனல்_வயரிங் எழுதியது:

எல்லோரும் ஆட்டோ ரீஸ்டார்ட் பற்றியே பேசுகிறீர்கள். டிரைவ் இல்லாமல் மோட்டாரை நேராக லைனில் ஓட்டவும் வழி வைத்த பைபாஸ் பேனலிலும் இதே பிரச்சினை வரும். மோட்டார் லைனில் 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், செலக்டரைத் திருப்பி டிரைவுக்கு மாற்றுவார்கள். மோட்டார் முழு வேகத்தில் சுற்றுகிறது, டிரைவ் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றும். அங்கேயும் ஃபிளையிங் ஸ்டார்ட் வேண்டும்.

எதிர்ப்பக்கம், டிரைவிலிருந்து லைனுக்கு உடனே மாற்றுவது இன்னும் மோசம். ரோட்டாரில் மிச்சம் இருக்கும் காந்தம் மோட்டார் டெர்மினலில் வோல்ட்டேஜ் உண்டாக்கிக்கொண்டிருக்கும். அது லைனோடு பேஸ் சேராமல் இருக்கும்போது கான்டாக்டர் மூடினால் ஷாஃப்ட்டில் வரும் அடி சாதாரண ஸ்டார்ட்டிங்கைவிடப் பல மடங்கு. அந்த வோல்ட்டேஜ் நேம் பிளேட்டில் கால் பங்குக்குக் கீழே இறங்கும்வரை டைமர் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு கான்டாக்டருக்கும் எலெக்ட்ரிக்கல் இன்டர்லாக், மெக்கானிக்கல் இன்டர்லாக் இரண்டும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவின் அவுட்புட் கான்டாக்டரைத் திறந்து மூடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.


மூன்றாம்_ஷிஃப்ட் எழுதியது:

ஐயா, நீங்கள் போட்ட 1.1 ஆர்.பி.எம். கணக்கைப் பிரிண்ட் எடுத்துக் கன்ட்ரோல் ரூமில் ஒட்டிவிட்டேன். பிரேக் ரெசிஸ்டர் பேச்சு நின்றுவிட்டது.

வாராந்திர ஷட்டவுனில் சோதனை செய்தோம். புஷ் எல்லாம் புதுசு. ஆட்டோ டியூன் முடித்து, ஒரு திசைத் தேடலோடு ஃபிளையிங் ஸ்டார்ட் ஆன் செய்தேன். முதலில் 15 ஹெர்ட்ஸில் ஓட்டி, கோஸ்ட் ஸ்டாப் (டிரைவ் விட்டுவிட, ஃபேன் தானாக உருளுவது) கொடுத்து, மறுபடி ஸ்டார்ட். சத்தமே இல்லாமல் பிடித்துக்கொண்டது. அடுத்து 25 ஹெர்ட்ஸ், அதுவும் சரி. அப்புறம் 42 ஹெர்ட்ஸில் நிறுத்திப் பத்து விநாடி கழித்து ஸ்டார்ட். கீபேடில் 50 என்று காட்டியது, கடகடவென்று இறங்கி 29.4-ல் நின்றது, ஒரு விநாடி அப்படியே இருந்து மேலே ஏறியது. பஸ் வோல்ட்டேஜ் 560-ஐத் தாண்டவில்லை. கையைப் பேரிங் ஹவுசிங்கில் வைத்திருந்த ஃபிட்டருக்கு எப்போது பிடித்தது என்றே தெரியவில்லை.

சந்தோஷத்தில் 42 ஹெர்ட்ஸில் நிறுத்தி உடனே, அரை விநாடிக்குள், ஸ்டார்ட் கொடுத்தேன். டப் என்று ஓவர்கரண்ட். அதே மாதிரி இரண்டு தடவை. பத்து விநாடிக்கு நன்றாகப் பிடிக்கிற டிரைவ் அரை விநாடியில் ஏன் விழுகிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவர், இனி எல்லாம் தானாக ஸ்டார்ட் ஆகும், ஆட்டோ ரீஸ்டார்ட் எண்ணிக்கையைப் பத்து ஆக்கிவிடலாம் என்கிறார்.


பழைய_வைண்டர் எழுதியது:

அரை விநாடியில் விழுவதற்குக் காரணம் பேனல்_வயரிங் சொன்ன அதே மிச்சக் காந்தம். டிரைவ் நின்ற உடனே ரோட்டார் பாரில் கரண்ட் சுற்றிக்கொண்டிருக்கும், அது ஒரு காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், மோட்டார் டெர்மினலில் வோல்ட்டேஜ் நிற்கும். டிரைவ் தேடுவதற்காகக் கொடுக்கும் வோல்ட்டேஜ் அதோடு மோதுகிறது. சின்ன மோட்டாரில் இது கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். பெரிய மோட்டாரில் ரோட்டாரின் டைம் கான்ஸ்டன்ட்டே அதிகம், உன் சைஸில் ஒரு விநாடியைத் தாண்டலாம். டிரைவில் மினிமம் பேஸ் பிளாக் டைம் அல்லது டீமேக்னடைசேஷன் டைம் என்று ஒரு செட்டிங் இருக்கும், அவுட்புட் கொடுக்காமல் டிரைவ் காத்திருக்கும் நேரம் அது. அதை 2 விநாடியில் ஆரம்பித்துப் பார், விழுந்தால் கூட்டு. டெர்மினல் வோல்ட்டேஜையே அளந்து அதிலிருந்து வேகத்தைப் படிக்கிற டிரைவுகளும் உண்டு, அவற்றுக்கு இந்த மிச்சக் காந்தம் எதிரி இல்லை, அடையாளம். உன்னுடையது அந்த வகை இல்லை போலிருக்கிறது.

பெர்மனன்ட் மேக்னட் மோட்டார் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அதில் காந்தம் கரைகிற பேச்சே கிடையாது. ஷாஃப்ட் சுற்றும்வரை டெர்மினலில் வோல்ட்டேஜ் உண்டு. டிரைவை ஆஃப் செய்திருந்தாலும், காற்று ஃபேனைச் சுழற்றினாலே டெர்மினல் உயிரோடு இருக்கும், வேகம் அதிகமானால் ஐ.ஜி.பி.டி.யோடு இருக்கும் டையோடு வழியாகப் பஸ்ஸையும் ஏற்றிவிடும். ஷாஃப்ட்டைப் பூட்டாமல் அந்த டெர்மினல் பாக்ஸைத் திறக்கவே கூடாது.

இப்போது அந்தப் பத்து தடவை. வேண்டாம் தம்பி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு இடத்தில் ஃபேன் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பார்க்க ஒருவர் இன்ஸ்பெக்‌ஷன் டோரைத் திறந்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். ஃபேன் மெல்ல உருண்டுகொண்டிருந்தது, டிஸ்பிளேயில் ஃபால்ட். ட்ரிப் ஆகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். டிரைவ் நாலாவது தடவை முயற்சிக்கத் தன் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அவர் தும்மல் வந்து தலையை வெளியே எடுத்தார். உண்மையாகவே தும்மல்தான். இரண்டு விநாடியில் ஃபேன் கிளம்பியது. அன்றைக்குப் பிறகு நான் போகும் இடத்தில் எல்லாம் முதலில் அந்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்.

கரண்ட் திரும்பி வந்ததும் மெஷின் தானாகக் கிளம்பி ஆளுக்கு ஆபத்து வரும் என்றால், அது அப்படிக் கிளம்பாமல் தடுக்க வேண்டும் என்று ஐ.இ.சி. 60204-1 தரத்திலேயே இருக்கிறது. ஆகவே அண்டர்வோல்ட்டேஜுக்கு மட்டும் ஆட்டோ ரீஸ்டார்ட் வை. ஓவர்கரண்ட், எர்த் ஃபால்ட் வந்தால் மனிதன் வந்து பார்த்து ரீசெட் செய்யட்டும். எண்ணிக்கை ஒன்று, கட்டாயம் என்றால் இரண்டு. கிளம்புவதற்கு முன் சைரன் அடிக்கட்டும். இன்ஸ்பெக்‌ஷன் டோருக்கும் கப்ளிங் கார்டுக்கும் லிமிட் ஸ்விட்ச் போட்டு அதை டிரைவின் எஸ்.டி.ஓ.வில் (சேஃப் டார்க் ஆஃப்) கொடு. எஸ்.டி.ஓ. டார்க்கை மட்டும்தான் நிறுத்தும், ஓடுகிற ஃபேனை நிறுத்தாது, பவரையும் துண்டிக்காது. உள்ளே கை வைக்கப் போகிறவன் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, இம்பெல்லரைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். டிரைவைத் திறப்பதாக இருந்தால் மூடியில் எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் நேரத்தையும் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பஸ்ஸை அளந்துவிட்டு.


டிரைவ்காரன் எழுதியது:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் டிப், அதாவது கரண்ட் போய் வருவது, அரை விநாடிகூட இல்லை. அதற்கு எதற்காக ட்ரிப் ஆகி, அப்புறம் தேடிப் பிடிக்க வேண்டும்? மேனுவலில் கைனெட்டிக் பஃபரிங் அல்லது பவர் லாஸ் ரைட் த்ரூ என்று பாருங்கள். கரண்ட் போன உடனே டிரைவ் ஃப்ரீக்வென்சியை ரோட்டாருக்குச் சற்றுக் கீழே இறக்கும். ஃபேன் ஜெனரேட்டராகிப் பஸ்ஸைத் தாங்கிப் பிடிக்கும். வைண்டர் ஐயா கணக்கில் உங்களை ட்ரிப் செய்த அதே சக்திதான், 42 ஹெர்ட்ஸில் 450 கிலோஜூல் இருக்கிறது. டிரைவ் தன்னைத்தானே உயிரோடு வைத்துக்கொள்ள அதில் துளிதான் தேவை. ஃபேன் வேகம் கொஞ்சம் குறையும், கரண்ட் வந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். அதையும் தாண்டி நீண்ட நேரம் போனால் மட்டும் ஃபிளையிங் ஸ்டார்ட்.

டிரைவை ஓடச் சொல்லும் சிக்னலான ரன் கமாண்டையும் பாருங்கள். டிரைவ் உயிரோடு இருந்து, கன்ட்ரோல் ரிலே டிப்பில் விழுந்து ஸ்டாப் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண்.


பழைய_வைண்டர் எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல யோசனை, செய்து பார் தம்பி. நான் அந்தச் சக்தியை எதிரியாகப் பார்த்தே பழகிவிட்டேன்.


மூன்றாம்_ஷிஃப்ட் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும், டிப் வருவதற்காகக் காத்திருந்தேன். வேண்டாதபோது தினம் வந்தது, எதிர்பார்த்தபோது மூன்று வாரம் வரவே இல்லை.

பேஸ் பிளாக் 2 விநாடிக்கு ஓவர்கரண்ட் ஒரு தடவை வந்தது, 3 ஆக்கினேன், அதற்கப்புறம் இல்லை. ஆட்டோ ரீஸ்டார்ட் எண்ணிக்கை ஒன்று, அண்டர்வோல்ட்டேஜுக்கு மட்டும். சைரன் போட்டாயிற்று, டோர் ஸ்விட்ச்சுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம், அது வரும்வரை டோரில் பூட்டு. ரன் கமாண்ட் ரிலே டிரைவ்காரன் சொன்ன மாதிரியே விழுந்துகொண்டுதான் இருந்தது, யு.பி.எஸ். சப்ளைக்கு மாற்றினேன். கைனெட்டிக் பஃபரிங்கும் ஆன்.

நேற்று ராத்திரி இரண்டேகால் மணி. லைட் மினுக்கியது. நான் பேனல் முன்னாலேயே இருந்தேன். பஸ் 450-க்கு இறங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டது, ஃப்ரீக்வென்சி 42-லிருந்து 41-க்கு வந்தது, திரும்ப ஏறியது. ஃபர்னஸ் பிரஷர் சார்ட்டில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். ஃபால்ட் லிஸ்ட்டில் ஒன்றுமே பதிவாகவில்லை. காலையில் ரிப்போர்ட்டில் எழுத எதுவும் இல்லாமல் போனதால், டிப் வந்தது என்றே மற்ற ஷிஃப்ட் நம்பவில்லை.

வென்டிலேஷன் ஃபேன் டக்ட்டில் நான்-ரிட்டர்ன் டேம்பர் இருக்கத்தான் செய்கிறது, ஐயா. யாரோ கம்பி போட்டுத் திறந்தே கட்டி வைத்திருக்கிறார்கள். எதற்காகக் கட்டினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதுவரை அவிழ்க்கவில்லை.